டீச்சருக்கு இறங்கும் சைக்கிள்கள்

நடைபாதையில் சைக்கிள் ஓட்டலாமா கூடாதா என்று போன வருஷம் வரைக்கும் யாராவது என்னைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பேன். தாராளமாக ஓட்டலாம், யாருக்கு என்ன கஷ்டம்? நானும் தினமும்தான் நடக்கிறேன். ஒரு சைக்கிள் என் முந்தானையைக்கூட உரசினதில்லை. எதிரே வரும், என்னைப் பார்த்ததும் நிற்கும், ஓட்டுகிறவர் இறங்குவார், ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார். "வணக்கம் டீச்சர்" என்று ஒரு குரல் வரும். நான் தலையை ஆட்டிவிட்டு நடப்பேன். நடைபாதை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று மனப்பூர்வமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

திருவிடந்தைக்கும் நெம்மேலிக்கும் நடுவில், ஈ.சி.ஆரிலிருந்து கடல் பக்கமாகத் திரும்பும் நாலைந்து தெருக்கள்தான் எங்கள் நகர். பக்கத்து அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ரிடையர் ஆனேன். சர்வீஸ் முழுக்க அந்த ஒரே பள்ளி. மீன் கொண்டுவருகிறவர், கேளம்பாக்கத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், சிலிண்டர் போடுகிறவர், மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை எடுத்துத் தருகிறவர், எல்லாரும் ஒரு காலத்தில் என் வகுப்பில் பெருக்கலைத் தப்பாகப் போட்டவர்கள்தான். அதில் எனக்குப் பெரிய கர்வம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் உண்டு.

ரோட்டை அகலப்படுத்தியபோது எங்கள் பக்கத்தில் சிமெண்டுக் கல் பதித்து நல்ல நடைபாதை போட்டார்கள். நடப்பதற்குத்தான் போட்டார்கள். ஆனால் எங்கள் ரோடு எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்கு அதில் சைக்கிள் ஏறியதும் ஆச்சரியமாக இருக்காது. வாரநாளில் தண்ணி லாரி, ஜல்லி லாரி. சனி, ஞாயிறு வந்தால் மாமல்லபுரத்தை யாரோ தூக்கிக்கொண்டு போய்விடப் போகிற மாதிரி சென்னைக் கார்கள் பறக்கும். ஞாயிறு விடிகாலையில் மட்டும் இறுக்கமான பனியனும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட சென்னை சைக்கிள்காரர்கள் கூட்டமாக ரோட்டிலேயே போவார்கள். அவர்களுக்கு முன்னாலும் பின்னாலும் விளக்கு போட்ட கார் காவலுக்கு வரும். எங்கள் பள்ளிப் பெண்களுக்குக் காவலுக்கு யார் வருவார்கள்? பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில், பின்னால் பையும் முன்கூடையில் டிபன் பாக்ஸும் வைத்துக்கொண்டு அதுகள் வரும். லாரி ஒரு தடவை ஹாரன் அடித்தால் போதும், சைக்கிளோடு நடைபாதையில் ஏறிவிடும். ஏறினது ஏறினதுதான், இறங்காது. நான் எதிரே வந்தால் தவிர.

இதில் என் வீட்டுக்காரர் எங்கே வருகிறார் என்றால், அவருடைய இடது முழங்காலில் வருகிறார்.

அவர் பஸ் டிரைவராக இருந்தவர். நான் திருக்கழுக்குன்றத்தில் அம்மா வீட்டில் இருந்துகொண்டு வேலைக்கு வந்த காலத்தில், செங்கல்பட்டில் புறப்பட்டு மாமல்லபுரம் வழியாகக் கடற்கரை ரோட்டில் வரும் பஸ்ஸை அவர்தான் ஓட்டினார். நான் ஸ்டாப்புக்கு வர நேரமானால் இரண்டு ஹாரன் அடித்துக் காத்திருப்பார். கண்டக்டர் முணுமுணுப்பார். ஒரு நாள் நான் இறங்கி முன்பக்கமாக ரோட்டைக் கடக்கப் போனபோது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "டீச்சர், எங்க வூட்லேர்ந்து உங்க வூட்டுக்கு வரலாம்னு கீறாங்க. வரலாமா?" என்று கேட்டார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கண்டக்டர் விசில் மேல் விசில் அடித்துக்கொண்டிருந்தார். நான் "வரட்டும்" என்றேன். அவர் கியரைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். எங்கள் கல்யாணப் பேச்சு அவ்வளவுதான்.

கல்யாணத்துக்குப் பிறகும் அப்படியேதான். பள்ளி வாசலில் நான் நின்றால் இரண்டு ஹாரன். கையைக்கூட ஆட்ட மாட்டார். நான் சண்டைக்குப் போனதுண்டு. "ஊர்ல இருக்கிற பசங்க எல்லாம் என்னைப் பார்த்தா சைக்கிளை விட்டு இறங்கறாங்க. கட்டிக்கிட்ட நீங்க ஒரே ஒரு நாள் அந்த சீட்டை விட்டு இறங்கி வந்து ரெண்டு வார்த்தை பேசினதுண்டா?" என்பேன். "டிரைவர் சீட்ட உட்டு எறங்கனா வண்டி நவுந்துடும் டீச்சர்" என்பார். சிரித்துவிடுவேன். ஆனால் அந்தக் குறை உள்ளே இருந்துகொண்டேதான் இருந்தது.

இத்தனை வருஷம் கிளட்ச் மிதித்ததில் இடது மூட்டு தேய்ந்துபோனது. மகள் கேளம்பாக்கத்தில் பிளாட்டில் இருக்கிறாள். அவள் பிடிவாதம் பிடித்து அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் மூட்டு மாற்று ஆபரேஷன் செய்யவைத்தாள். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. அதற்குப் பிறகுதான் கஷ்டம். பிசியோதெரபி பார்க்கும் பெண், நகராத ஒரு சைக்கிளில் அவரை உட்காரவைத்துப் பெடலைச் சுற்றச் சொன்னது. பாதி தூரம் வரை பெடல் போகும், பிறகு மூட்டு மடங்காமல் அப்படியே பின்னால் திரும்பி வரும். முன்னே பாதி, பின்னே பாதி, தொட்டில் ஆட்டுகிற மாதிரி. "தினமும் நடங்க சார். நடந்தாதான் இளகும். இப்ப மடக்கலேன்னா அப்புறம் இப்படியே இறுகிப்போயிடும். முழுச் சுற்று வரணும், அதுதான் கணக்கு" என்றது அந்தப் பெண். கணக்கு என்றால் எனக்குப் புரியும். நான் அந்த முழுச் சுற்றை மனதில் குறித்துக்கொண்டேன்.

எங்கள் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மணலில் நடக்கக் கூடாது. விடிகாலையில் நடக்கலாம் என்றால் எழுந்ததும் மூட்டு கல்லாக இருக்கும், வெந்நீர் ஒத்தடம் கொடுத்து அது வழிக்கு வர எட்டு மணி ஆகிவிடும். ஆக, சமதளமாக இருக்கும் ஒரே இடம் நடைபாதை, நேரம் பள்ளிக்கூட நேரம். முதல் நாள் கைத்தடியோடு போனவர் பத்தே நிமிஷத்தில் முகம் வெளுத்துத் திரும்பி வந்தார். பின்னாலிருந்து மணி அடித்துக்கொண்டு சைக்கிள் வந்ததாம். திரும்பிப் பார்ப்பதற்குள் இன்னொன்று உரசிக்கொண்டு போனதாம். காம்பவுண்டு சுவரைப் பிடித்துக்கொண்டதால் விழாமல் தப்பித்தாராம். அதற்கப்புறம் வாசலைத் தாண்டமாட்டேன் என்றுவிட்டார். ஹாலில் ஆரம்பித்து சமையலறை வரை நடப்பார், அங்கே ஒரு காபி. திரும்பி ஹால், அங்கே டிவி.

"சும்மா சாக்கு சொல்லாதீங்க" என்றேன். "லாரியையும் பஸ்ஸையும் பார்த்த ஆளு, பொட்டப் புள்ளைங்க சைக்கிளுக்குப் பயப்படறீங்களே. நானும் அதே நடைபாதையிலதான் போறேன். எல்லாரும் இறங்கி வழி விடறாங்க."

"உனுக்கு உடறாங்க டீச்சர். சீட்ல குந்திகினு ரோட்டப் பாக்கறது வேற, புதுக் கால வெச்சிகினு ரோட்ல நிக்கறது வேற" என்றார்.

நான் நம்பவில்லை. நடக்கச் சோம்பல், அதற்கு ஒரு கதை என்று முடிவு கட்டிவிட்டேன். மகளிடம் போனில் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் நகர் நலச் சங்கத்தில் இந்த விஷயம் வந்தது. கூட்டம் சங்கத் தலைவர் வீட்டு கார் ஷெட்டில். தலைவர் காரை வெளியே எடுத்து நடைபாதையில் நிறுத்திவிட்டுத்தான், நடைபாதையைக் காப்பாற்றுவது பற்றிப் பேச ஆரம்பித்தார். நடக்கிறவர்களுக்குப் பாதுகாப்பில்லை, அதனால் நடைபாதை ஆரம்பிக்கும் இடத்திலெல்லாம் சைக்கிள் நுழைய முடியாதபடி இரும்புக் குழாய் நடச் சொல்லிப் பஞ்சாயத்தைக் கேட்போம் என்றார். பாதிப் பேர் கை தட்டினார்கள்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. குழாய் நட்டால் அந்தப் பெண்கள் எங்கே போகும்? லாரிக்கு அடியிலா? எழுந்து நின்று பேசினேன். பேச்சு எனக்குப் புதிதில்லை. பெண் பிள்ளைகளின் படிப்பு, ரோட்டின் லட்சணம் எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக, "நான் தினமும் நடக்கறேன். என் அனுபவத்துல ஒரு சைக்கிள்கூட யாருக்கும் தொந்தரவு கொடுத்ததில்ல. ஆளைப் பார்த்ததும் மரியாதையா இறங்கிடறாங்க" என்று முடித்தேன்.

கார் ஷெட் முழுக்கச் சிரிப்பு. எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. கடைசி வரிசையில் காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், டிப்போ முழுக்கக் கேட்கிற குரலில், "ஆளப் பாத்து எறங்கல டீச்சர், உன்னப் பாத்து எறங்கறாங்க!" என்றார். இன்னும் சிரிப்பு. எனக்கு வந்த கோபத்தில் அன்று ராத்திரி அவருக்கு ரசம் கிடையாது என்று தீர்மானித்தேன். பிறகு வைத்தேன். முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் நல்ல மழை. அவருடைய வலி மாத்திரை தீர்ந்துபோயிருந்தது. எங்கள் ஊரில் மழையோடு கடற்காற்றும் சேர்ந்தால் குடை பிடிக்க முடியாது, விரித்ததும் தலைகீழாக மடங்கிவிடும். அதனால் அவருடைய பழைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டேன். கணுக்கால் வரை தொங்கும் காக்கிக் கோட்டு. தலைக்கு அதே துணியில் தொப்பி. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கல்லில் வழுக்காமல் இருக்க அவருடைய கைத்தடியையும் எடுத்துக்கொண்டேன். கண்ணாடியில் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பின்னால் நடந்தது எதுவும் எனக்கு ஆச்சரியமாக இருந்திருக்காது.

பள்ளி விட்ட நேரம். முதல் சைக்கிள் எதிரே வந்தது. வழக்கம்போல இறங்குவார்கள் என்று நான் பாட்டுக்கு நடந்தேன். இறங்கவில்லை. ஹேண்டில்பார் என் முழங்கையைத் தட்டிவிட்டுப் போனது. அடுத்தது சேற்றுத் தண்ணீரை வாரி இறைத்தது. மூன்றாவதாக வந்தவன் நாக்கைத் தட்டி 'ச்ச்' என்றான். என்ன ஆயிற்று இந்த ஊருக்கு என்று திகைத்து நிற்கிறேன், பின்னாலிருந்து மணி. ட்ரிங் ட்ரிங் ட்ரிங். திரும்பவே பயமாக இருந்தது. எந்தப் பக்கம் ஒதுங்கினால் எந்தப் பக்கம் வருமோ! கை தானாகக் காம்பவுண்டு சுவரைப் பிடித்தது. அவர் பிடித்த அதே சுவர்.

"யோவ் பெர்சு! காது கேக்கல? நட்டநடுவுல ஆடிகினு போற, ஓரம் போய்யா!"

குரல் எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த குரல். மெதுவாகத் திரும்பித் தொப்பியைக் கழற்றினேன்.

அந்தப் பெண் முகத்தில் ஈயாடவில்லை. அவசரமாகக் குதித்ததில் சைக்கிள் ஒரு பக்கம் விழுந்தது, டிபன் பாக்ஸ் ஒரு பக்கம் உருண்டது. மழையில் நனைந்துகொண்டே கைகட்டி நின்றாள். "டீச்சர்... நீங்கன்னு தெரியாது டீச்சர். உங்க வூட்டு சார்னு நெனச்சிட்டேன் டீச்சர்."

"சாரா இருந்தா இடிக்கலாமா?"

தலையைக் குனிந்துகொண்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் நிமிர்ந்து, "ரோட்ல போனா லாரி இட்சிடும் டீச்சர். ரோட்ல உட்டா ஸ்கூலுக்கே போவாதன்னு எங்கம்மா சொல்லிகிது" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. எங்களுக்கு ஒரு முழம் தள்ளித்தான் ஒரு லாரி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. இருவரும் முழுக்க நனைந்தோம். இரண்டு பேரும் சேர்ந்து டிபன் பாக்ஸைத் தேடி எடுத்தோம்.

வீட்டுக்கு வந்ததும் அவர், "இன்னா டீச்சர், தெப்பலா வந்துகினு கீற?" என்றார். மாத்திரையைக் கையில் கொடுத்தேன். "நீங்க சொன்னது நிஜம்தான்" என்றேன்.

"இன்னொரு வாட்டி சொல்லு."

"நீங்க சொன்னது நிஜம்தான். எனக்கும் சுவத்தைப் பிடிச்சுக்கத்தான் தோணுச்சு."

அவர் அதற்குச் சிரிக்கவில்லை. துண்டை எடுத்துக் கொடுத்தார். எனக்கு அவமானத்தைவிட வருத்தம் அதிகமாக இருந்தது. பயந்துபோய் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த மனுஷனைச் சோம்பேறி என்று மகளிடம் சொல்லிச் சிரித்தேனே! ஒரு பை அரிசியின் தரம் தெரிய வேண்டுமானால் பல இடங்களில் கையை விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். நடைபாதையின் தரம் பார்க்க என்னை மட்டும் எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலை அவரோடு நானும் புறப்பட்டேன். சைக்கிள்கள் மளமளவென்று இறங்கின. வணக்கம் டீச்சர், வணக்கம் டீச்சர். அவர் திரும்பி வந்ததும், "எனுக்குக் கண்டக்டர் வேணாம். மந்திரிக்குப் பக்கத்துல போற எடுபுடி மாரி கீது" என்றுவிட்டார். சரிதான். வாழ்நாள் முழுக்க வண்டி ஓட்டின ஆளை நான் கூட்டிக்கொண்டு போனால் அவருக்கு எப்படி இருக்கும்? ஆனால் கால் காத்திருக்காது. அந்த வாரமும் கேளம்பாக்கத்தில் பெடல் பாதியில் நின்று திரும்பி வந்தது. பிசியோதெரபிப் பெண் நோட்டில் ஏதோ எழுதி அடிக்கோடு போட்டது.

அப்போதுதான் குடை ஞாபகத்துக்கு வந்தது.

மஞ்சள் குடை. அதில் தட்டு தட்டாகச் சூரியகாந்திப் பூ. வெயிலுக்கு நான் அதைத்தான் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போவேன். தூரத்தில் அந்த மஞ்சள் தெரிந்ததுமே மைதானத்தில் சத்தம் அடங்கிவிடும். புயல் வந்தால் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள் இல்லையா, அந்தப் பெயரைத்தான் பிள்ளைகள் என் குடைக்கு வைத்திருந்தார்கள். "கூண்டு ஏத்தியாச்சுடி!" என்று மாடியிலிருந்து கத்துவது என் காதிலும் விழும். விழாத மாதிரி நடப்பேன்.

குடையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். பெரிய மீசை, ஆறடி உயரம், கையில் சூரியகாந்திப் பூ. "இன்னா வெளாட்றியா? இத்தப் புட்சிகினு போனா ஊரே சிரிக்கும்" என்றார். "சிரிக்கட்டும். சிரிக்கிறவங்க இடிக்க மாட்டாங்க" என்றேன். தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் போனார். நான் வாசலில் நின்று கண்ணுக்கு எட்டும் வரை பார்த்தேன்.

ஒரு கையில் தடி, ஒரு கையில் குடை. தூரத்தில் வந்த நாலைந்து சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. எல்லாம் இறங்கின. கிட்டே வந்து குனிந்து குடைக்குள் பார்த்தால் மீசை! இறங்கியாகிவிட்டது, பார்த்தும் ஆகிவிட்டது, உடனே ஏறிப் போனால் நன்றாக இருக்குமா? அதனால் "கால் எப்டி கீது சார்?" என்று கேட்டார்கள். அவரும் சொல்ல ஆரம்பித்தார். அவர் சொல்ல ஆரம்பித்தால் லேசில் முடியாது. பள்ளி மணி அடிக்கிற வரை பிள்ளைகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவரோடு நடந்தன. அன்று அவர் போனது வழக்கமாகப் போகும் தூரத்தைவிட எவ்வளவோ அதிகம். வந்ததும், "பசங்க நல்லாத்தான் பேசுதுங்க" என்றார். மறுநாள் ஒத்தடத்துக்கு அவரே வெந்நீர் வைத்தார்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து, போன தடவை நான் பேசினது அசட்டுப் பேச்சு என்று முதலில் ஒத்துக்கொண்டேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை, அதுவே எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். நடைபாதை நடக்கிறவர்களுடையதுதான் என்றேன். ரோட்டில் இடம் இல்லாத வரைக்கும் பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள் அங்கே விருந்தாளி. விருந்தாளியை வெளியே தள்ளக் குழாய் நட வேண்டாம், ஆனால் விருந்தாளி விருந்தாளியாக நடந்துகொள்ள வேண்டும். மணி அடித்து ஆளை விரட்டக் கூடாது. முன்னால் ஆள் நடந்தால் இறங்க வேண்டும். "உங்களுக்கு இறங்குவாங்க டீச்சர், எங்களுக்கு?" என்றார் தலைவர். கேட்க வேண்டிய கேள்விதான். பள்ளிக்குப் போய் பிரேயரில் பேசுகிறேன் என்றேன். "அதுவரைக்கும் உங்க காரை நடைபாதையில நிறுத்தாம இருங்க" என்றும் சொன்னேன். இதற்குச் சிரித்தார்கள்.

பிரேயரில் நான் அதிகம் பேசவில்லை. "குடைக்குக் கீழே யார் இருந்தாலும் நான்தான்னு நெனச்சுக்குங்க. குடை இல்லாம யார் நடந்தாலும் குடையை வீட்ல மறந்துட்டு வந்த நான்தான்னு நெனச்சுக்குங்க" என்றேன், அவ்வளவுதான். அது எந்த அளவுக்குப் பலித்தது என்று சொல்ல முடியாது. பாதிப் பேர் இறங்குகிறார்கள். வெளியூர்ப் பையன்கள் இப்போதும் மணி அடிக்கிறார்கள். சங்கத் தலைவர் மனைவி வெறும் பேச்சில் நம்பிக்கை இல்லாமல் கேளம்பாக்கத்தில் போய் மஞ்சள் குடை ஒன்று வாங்கிவிட்டார். அவரைப் பார்த்து எதிர்வீட்டு அம்மாவும் வாங்கினார். தை மாதம் வந்தபோது காலை எட்டரை மணிக்கு எங்கள் நடைபாதையில் எங்கே பார்த்தாலும் மஞ்சள். பிள்ளைகள் எது நான், எது நானில்லை என்று தெரியாமல் எல்லாருக்கும் இறங்கின. குழாய் நடுகிற பேச்சு தானாக ஓய்ந்துபோனது.

இதற்கு நடுவில் மாடிப்படிக்கு அடியில் கிடந்த மகளின் பழைய லேடீஸ் சைக்கிளைக் காணோம். கேட்டதற்கு, "பழைய இரும்புக்காரன் வந்தான், போட்டுட்டேன்" என்றார். துரு ஏறிப் பல வருஷமாகக் கிடந்தது, போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். பெடல் பற்றி நானும் கேட்கவில்லை. கேட்டால் பயம். கேளம்பாக்கத்துக்கு இப்போது அவரே ஷேர் ஆட்டோவில் போய் வந்துகொண்டிருந்தார். மகளும் அவரும் மட்டும் ஏதோ ரகசியம் பேசுகிற மாதிரி போனில் பேசிக்கொள்வார்கள்.

பிப்ரவரியில் ஒரு காலை. மீன் வாங்கிக்கொண்டு நடைபாதையில் திரும்பி வருகிறேன். கையில் குடை இல்லை, அதை அவர் எடுத்துப் போய்விட்டார். எதிரே தூரத்தில் மஞ்சள் தெரிந்தது. சரி, அவர்தான் வருகிறார் என்று நினைத்தேன். ஆனால் மஞ்சள் வரும் வேகம் சரியாக இல்லை. நடக்கிற ஆளுடைய வேகம் இல்லை அது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். குடை மடக்கி ஹேண்டில்பாரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் மீசை. மகளின் சைக்கிள், புது பெயிண்டும் புது டயரும் போட்டு பளபளவென்று வந்துகொண்டிருந்தது. அவருடைய இடது முழங்கால் மேலே வந்தது, கீழே போனது. மேலே வந்தது, கீழே போனது. திரும்பி வரவில்லை. முழுச் சுற்று.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். விழுந்தால் என்ன ஆவது, யாரைக் கேட்டு ஏறினார், நடைபாதையில் இவரே சைக்கிள் விட்டால் நான் சங்கத்தில் என்ன முகத்தோடு பேசுவது! அதற்குள் கண் நிறைந்து எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. கையில் மீன் பை, துடைக்கவும் முடியவில்லை.

அவர் என்னைப் பார்த்துவிட்டார். இப்போது மணி அடிப்பார் என்று நினைத்தேன். இரண்டு தடவை அடிப்பார், நான் ஒதுங்க வேண்டும், அவர் போய்க்கொண்டே இருப்பார். எத்தனை வருஷப் பழக்கம்!

மணி அடிக்கவில்லை. பிரேக் பிடித்தார். சைக்கிள் கொஞ்சம் ஆடி நின்றது. இடது காலைக் கல்லில் ஊன்றி, முழு உடம்பையும் அந்தப் புது மூட்டின்மேல் நிறுத்தி, வலது காலைப் பதமாக இந்தப் பக்கம் கொண்டுவந்து, கீழே இறங்கினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். சைக்கிளை ஓரமாகத் தள்ளி எனக்கு வழி விட்டார்.

"வணக்கம் டீச்சர்" என்றார்.

திட்ட வேண்டும் என்று வைத்திருந்ததை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மறுபடியும் ஏறச் சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. மீன் பையை வாங்கி முன்கூடையில் வைத்தார். சைக்கிளை நடுவில் விட்டு இரண்டு பேரும் வீடு வரைக்கும் நடந்தே வந்தோம்.